ஆவணி மாதத்துத் திருகு

2017 ஆவணியில், பதினொரு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்த இடத்தில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பார்த்து, "நீ பயப்படுதே. பயந்துட்டு துப்பாக்கியைக் குறை சொல்லாதே" என்றேன். போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. மூன்று பேர் கொண்ட அணியிலிருந்து அவள் பெயரை அன்று சாயங்காலமே அடித்துவிட்டு இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதினேன்.

அவள் பயப்படவில்லை. ரைபிளின் இரும்பையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் திருகு அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்து கிடந்தது. அதைக் கடைசியாக முடுக்கியவன் நான்.

அன்றைக்கு எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று பிறகு பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அது நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்திலிருந்து வந்தது. பாடம் சரிதான். அதைப் போய் வைத்த இடம்தான் தப்பு.

முதலில் சித்தப்பாவின் பலூன் கடையைச் சொல்லவேண்டும். மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆனி பிறந்து, மேற்கே மலை மேகத்துக்குள் போய்விட்டதென்றால் சீசன் கூட்டமெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் அருவிக்குப் போகும். அந்த மூன்று மாதமும் சித்தப்பா குற்றாலத்தில் பலூன் சுடும் கடை போடுவார். ஒரு தட்டி, அதில் வரிசை வரிசையாக பலூன், முன்னால் ஒரு பெஞ்சு, மூன்று ஏர்கன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிக்கும் வரை சனி, ஞாயிறுகளில் நான்தான் பலூன் ஊதினேன், குண்டு எடுத்துக் கொடுத்தேன்.

மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல அந்த மூன்று துப்பாக்கிக்கும் சித்தப்பா பெயர் வைத்திருந்தார். செவலை, கருப்பன், மூளி. மூளிக்கு முன் சைட்டின் நுனி தேய்ந்து போயிருந்ததால் குண்டு மேலே ஏறும். செவலை இடப்பக்கம் இழுக்கும். சித்தப்பா அதை 'இடப்பக்கம் தின்னும்' என்பார். யார் அதை எடுத்தாலும், "வலப்பக்கம் ஒரு விரக்கடை தள்ளிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் காதில் வாங்காமல் ஐந்து குண்டையும் விட்டுவிட்டு, "கோணல் துப்பாக்கியை வச்சு ஏமாத்துறீங்க" என்று சத்தம் போட்டார். சித்தப்பா கோபப்படவில்லை. "கோணல்தான் அண்ணாச்சி. ஆனா அந்தக் கோணல் மாறாது" என்றார்.

துப்பாக்கி சுடுவதைப் பற்றி நான் கேட்ட முதல் உண்மை அதுதான். எப்போதும் இடப்பக்கமே போகிற துப்பாக்கியால் ஒரு கெடுதலும் இல்லை. சைட்டைத் திருப்பினால் போதும், இல்லையென்றால் தள்ளிப் பிடித்தால் போதும். ஒரு குண்டு இடம், அடுத்தது மேலே, அதற்கடுத்தது கீழே என்று போனால்தான் திருத்துவதற்கு வழியில்லாமல் போகும். துல்லியம் என்று சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. குண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து விழுவது ஒன்று. சேர்ந்து விழுந்த இடம் நடுப்புள்ளியாக இருப்பது இன்னொன்று. முதலாவது வந்துவிட்டால் இரண்டாவதைத் திருப்புளி பார்த்துக்கொள்ளும்.

1994 டிசம்பரில், கல்லூரி முதலாண்டில், என்.சி.சி. முகாமுக்குப் போனேன். 0.22 ரைபிள், 25 கஜ தூரம், குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு. ஐந்து வருஷம் துப்பாக்கிக் கடையில் நின்றவன் என்ற நினைப்பு எனக்கு. ஆனால் ஏர்கனின் 'டப்' வேறு, வெடிமருந்துக் குண்டின் சத்தம் வேறு. பக்கத்தில் படுத்திருந்தவன் சுட்டதும் என் காது அடைத்துக்கொண்டது. என் ஐந்தில் மூன்று தாளிலேயே இல்லை. மற்ற இரண்டும் தாளின் கீழ் ஓரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளிக் கிடந்தன.

எழுந்து நின்று, "சார், இந்த ரைபிள் கோணல்" என்றேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் கேரளத்துக்காரர். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "திரும்பப் படு" என்றார். அருகில் உட்கார்ந்து, குண்டை அவரே ரைபிளுக்குள் போட்டு போல்ட்டை மூடி, "ம்" என்றார். சுட்டேன். மறுபடி போட்டார். சுட்டேன். மூன்றாவது முறை நான் விசையை இழுத்தபோது சத்தமே வரவில்லை. 'டிக்' என்று ஊசி அடித்த ஒலி மட்டும் கேட்டது. ஏற்கெனவே வெடித்த வெறும் கூட்டை எனக்குத் தெரியாமல் உள்ளே போட்டிருக்கிறார். வெடிக்காத அந்த ரைபிளின் வாய், கோழி தரையைக் கொத்துவதுபோல, ஒரு விரக்கடை கீழே குத்தி நின்றது. கண் இறுக மூடியிருந்தது. தோள் முன்னால் போயிருந்தது. வெடிக்கப்போகிறது என்ற நினைப்பிலேயே உடம்பு முழுவதும் அதை எதிர்த்துத் தள்ளியிருக்கிறது.

"ரைபிள் சும்மாதானே இருந்தது. தலை குனிஞ்சது யாரு?" என்றார் அவர்.

அன்று ராத்திரி ஒரு 25 காசு நாணயத்தைக் கொடுத்தார். குண்டில்லாத ரைபிளின் குழல் நுனியில் அதை வைத்து, நாணயம் விழாமல் விசையை இழுக்கவேண்டும். முகாம் முடிகிற வரை தினமும் அதுதான் வேலை. முதல் நாள் ஒவ்வொரு முறையும் விழுந்தது. ஆறாம் நாள் பத்துக்கு எட்டு முறை நின்றது. கடைசி நாள் சுட்டபோது என் ஐந்து துளைகளும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் இருந்தன. வலப்பக்கம் தள்ளித்தான் இருந்தன, ஆனாலும் சேர்ந்து இருந்தன. அவர் அந்தத் தாளை வாங்கி, தட்டிக்கொடுத்துவிட்டு, "இனி மத்ததை எல்லாம் சரி பண்ணலாம்" என்றார்.

அந்த வெறும் கூடு என் மனதில் ஆணியடித்ததுபோல் நின்றுவிட்டது. துப்பாக்கியைக் குறை சொல்பவன் தன்னைத்தான் மறைக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இருபத்து மூன்று வருஷம் அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகளின் முகாம்களில் நின்றிருக்கிறேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அதனால்தான் ஆபத்தாக ஆனது.

சுடுகிறவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சாதாரண ஏர் ரைபிளில் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில். அரை மீட்டரைப் போல் இருபது மடங்கு. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட்டின் நுனி ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், அட்டையில் குண்டு 20 மில்லிமீட்டர் விலகும். ஆனால் இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்து, கை நடுக்கத்தில் துப்பாக்கி முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். புதிதாக வரும் பிள்ளைகள் கை ஆடுவதைப் பார்த்துத்தான் கலங்குவார்கள். ஆட்டத்தை அடக்கப் போய் சைட்டை விட்டுவிடுவார்கள். கண்ணை முன் சைட்டின் நுனியில் வை, இலக்கு மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. குறியைப் பார்த்து அடி என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் குறியைப் பார்க்காதே, உன் சைட்டைப் பார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நானும் நம்பியதில்லை.

மூச்சும் அப்படித்தான். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுக்கும் முன் உடம்பு தானாக ஓய்ந்திருக்கும் இடைவெளியில் சுடவேண்டும். எட்டுப் பத்து விநாடிக்கு மேல் பிடித்தால் கண் மங்கத் தொடங்கும், கை துடிக்கும். அப்போது துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதற்குத்தான் மனசு வேண்டும். சுடாமல் இறக்குவதைத் தோல்வி என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். அந்தக் குறவஞ்சியை நாடகமாக எங்கள் பிள்ளைகள் போட்டிருக்கிறார்கள். சிங்கன் கண்ணி வைத்துவிட்டுப் பறவைக்காகக் காத்துக் கிடப்பானே, அந்த மாதிரி இரு என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

உடற்கல்வி ஆசிரியராக வேலை கிடைத்த பிறகு, 2011-இல், மேலகரத்தில் பழைய நெல் குடோன் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, 10 மீட்டர் பயிற்சி தொடங்கினேன். இரும்புத் தகடு, அதன் முன்னால் அட்டை, நான்கு பேர் நிற்க இடம். பெற்றோர்கள் சேர்ந்து இரண்டு ரைபிள் வாங்கித் தந்தார்கள். இரண்டும் ஸ்பிரிங் வகை, மரக்கட்டை போட்டவை. தொடங்குகிற பிள்ளைகளுக்கென்று ஓப்பன் சைட் பிரிவில் போட்டிகள் நடக்கும். அதற்கு இது போதும். பன்னாட்டுப் போட்டிகளில் பார்க்கிற ரைபிள்கள் வேறு வகை. அடைத்த காற்றில் இயங்குபவை, அதிர்வு அநேகமாகக் கிடையாது, விலை பல லட்சம். ஸ்பிரிங் ரைபிளில் விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாயும். துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முனையில் போய் முட்டியதும் முன்னால் உதைக்கும். இதெல்லாம் குண்டு குழலைவிட்டு வெளியே போவதற்குள் நடக்கிறது. அதனால்தான் அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையில் சும்மா கிடத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி குதிக்க விட்டால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். அப்படி ஒரே மாதிரி குதிக்க, இரும்பு கட்டைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தவன் செய்யத் தவறியதுதான் என் குற்றம்.

குண்டும் கணக்கில் சேரும். 4.5 மி.மீ. பெல்லட், தலை தட்டையானது, ஈயம். டப்பா கீழே விழுந்தால் அதன் மெல்லிய பாவாடை விளிம்பு நசுங்கிவிடும். நசுங்கிய குண்டு சுற்றும்போது தள்ளாடும். பிள்ளைகளை உட்காரவைத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, குண்டு பொறுக்கவிடுவேன். வெளிச்சமும் சேரும். குடோனின் ஓட்டில் இரண்டு கண்ணாடி ஓடு உண்டு. சாரலும் வெயிலும் மாறி மாறி வரும் நாட்களில் அட்டை ஒரு நிமிஷம் பளிச்சென்றும் மறு நிமிஷம் மங்கலாகவும் தெரியும், சைட்டின் விளிம்பு இடம் மாறியதுபோல் தோன்றும். பிறகு அந்தக் கண்ணாடி ஓட்டை மறைத்து டியூப் லைட் போட்டோம்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிள் தங்கம் வென்றபோது குடோனில் ஒரே கொண்டாட்டம். தமிழ்ப் பெயர் ஒன்று அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்ததே பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. 60 குண்டுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 10.5-க்கு மேல். ஒரு குண்டுக்கு அதிகபட்சமே 10.9. அந்த அட்டையில் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அப்படிச் சுட்டும் அவருக்குப் பத்தாவது இடம்தான் கிடைத்தது, இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போகமுடியும். இவ்வளவு நுணுக்கமான ஒன்றில் ஒரு பிள்ளையின் கை நடுங்கியதா, கட்டை தளர்ந்ததா என்று பார்க்காமல் வாயைத் திறந்தவன் நான் என்று அன்று மறுபடியும் உறைத்தது.

அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் குடோனுக்கு வந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் வைத்திருந்த நோட்டில் ஒவ்வொரு நாளும் சுட்ட பத்துக் குண்டும் எங்கே விழுந்தது என்று சின்ன வட்டம் போட்டுப் புள்ளி வைத்திருப்பாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. 100-க்கு 92, 93 என்று ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தவள், அந்த ஆவணியில் திடீரென்று 82 எடுத்தாள். மறுநாள் 80. மூன்றாம் நாள் மறுபடி 82.

"சார், ரைபிள் ஏதோ மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குள் அந்த வெறும் கூடு 'டிக்' என்று அடித்தது. போட்டி நெருங்குகிறது, பிள்ளை பயப்படுகிறாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

"கண்ணை இமைக்கே நீ."

"இல்ல சார். நான் இமைக்கல."

"எனக்குத் தெரியாதா? நானும் இப்படித்தான் சொன்னேன் ஒரு காலத்துல."

அப்புறம்தான் மேலே சொன்ன அந்த வார்த்தைகள். பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ரைபிளைப் பெஞ்சில் வைத்தாள். வைக்கும்போதும் குழலின் வாயைத் தகட்டைப் பார்க்கத்தான் வைத்தாள், கற்றுக்கொடுத்தபடி. நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை.

அவளுடைய கடைசி அட்டை என் கையில் இருந்தது. அதன் மேல் 82 என்று சிவப்பு மையில் எழுதியவன் நானே. எண்ணைப் பார்த்தேன், துளைகளைப் பார்க்கவில்லை. அதில் பத்துத் துளையும் இரண்டு கொத்தாக இருந்தன. ஐந்து, நடுப்புள்ளியை ஒட்டி, 9-லும் 10-லும். இன்னொரு ஐந்து, அதற்கு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் கீழே வலப்பக்கம், எல்லாம் 7-இல். ஒவ்வொரு கொத்தும் இறுக்கமானது. கட்டைவிரல் நகத்தால் மூடிவிடலாம். பயந்து சுடுகிறவரின் அட்டை அப்படி இருக்காது. பயம் வந்தால் துளைகள் என் 1994 தாளில் விழுந்ததுபோல், விதைத்ததுபோல் சிதறும். ஒரே கை, ஒரே கண், இரண்டு இடம் என்றால், இடையில் ஏதோ ஒன்று இரண்டு நிலையில் மாறி மாறி உட்காருகிறது என்று அர்த்தம். சித்தப்பாவின் கடையில் குண்டு எடுத்துக் கொடுத்த பையனுக்கு இது புரிந்திருக்கும்.

நான்காம் நாள் அவள் இடத்தில் வந்த பிள்ளையும் இரண்டு கொத்து சுட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள்தான் ரைபிளைக் கீழே வைக்கும்போது, "சார், இது பேசுது" என்றாள். வாங்கி, முன்கட்டையை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து மெல்லத் திருகினேன். உள்ளே 'க்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். திருப்புளியை வைத்தேன். முன்கட்டையின் திருகு எந்த எதிர்ப்பும் இல்லாமல் அரைச் சுற்றுக்கு மேல் சுழன்றது.

காரணம் புரிய நேரம் ஆகவில்லை. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும். துணி காயாது. உப்பு தண்ணீர் விடும். நிலைக்கதவு ஊதிப்போய் அடைக்க முடியாது, எட்டி உதைத்துத்தான் மூடுவோம். துப்பாக்கிக் கட்டையும் மரம்தானே. அதுவும் ஊதும். ஆடி நடுவில் எல்லாத் திருகையும் சரிபார்த்து நன்றாக முடுக்கினேன். ஊதியிருந்த மரத்தைத் திருகின் தலை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆவணியில் சாரல் நின்று பத்து நாள் வெயில் அடித்தது. மரம் சுருங்கியது. நசுங்கிய இடம் நசுங்கியபடியே இருக்க, திருகின் தலைக்கும் மரத்துக்கும் நடுவில் இடம் விழுந்தது. ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை மிச்ச வேலையைச் செய்தது. ஒரு குண்டுக்கு இரும்பு முன்னால் உட்கார்ந்தது, ஒரு குண்டுக்குப் பின்னால். தினமும் சுடத் தொடங்கும் முன் திருகைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளே அவள் கண்டுபிடித்திருப்பாள்.

அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற கதையை அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு நூறு முறை சொல்லியிருப்பேன். கடைசிக் குண்டுக்கு 10.8 எடுத்ததைத்தான் கை தட்டிச் சொல்வேன். இறுதிச் சுற்றுக்கு முன்னால் நடந்ததை நான் சரியாகக் கவனித்ததில்லை. கணக்கில் சேராத ஒத்திகைக் குண்டுகளைச் சுட்டபோது முதல் குண்டு 4-இல் போய் விழுந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஒலிம்பிக் இறுதிச் சுற்று, எதிரே உலகம், குண்டு 4-இல். என்னைப் போன்ற ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால், 'பயப்படாதே' என்று தோளைத் தட்டியிருப்பார். அவருக்குத் தன் கை தெரியும். தன் கையால் 4 வராது என்பதும் தெரியும். சைட் மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு அதைத் திருத்தினார். கணக்கில் சேர்ந்த முதல் குண்டு 10.7. தன் சுடுதலை அவ்வளவு அறிந்தவர் மட்டும்தான் துப்பாக்கியைக் குறை சொல்லமுடியும். அந்த உரிமை மேலகரத்துப் பிள்ளைக்கும் இருந்தது. நோட்டு நிறையப் புள்ளி வைத்துவைத்து அதை அவள் சம்பாதித்திருந்தாள்.

அவள் வீடு குடோனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. திருகைக் கண்டுபிடித்த அன்றே போயிருக்கவேண்டும். போட்டி முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அணி போனது, எந்தப் பரிசும் வாங்காமல் வந்தது. காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். எதிரே வருகிறாள் என்று தெரிந்தால் சித்தாற்றுப் பாலம் பக்கம் சுற்றிப் போனேன். அவள் அப்பா தென்காசிச் சந்தையில் எதிர்ப்பட்டு, "பிள்ள இப்பம் வாறதில்லையே, என்ன சார்?" என்று கேட்டபோது, "படிப்பு இருக்கும்லா" என்று சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக ஒப்புக்கொள்ளவேண்டும். தளர்ந்த திருகு என் அறியாமையில் நடந்தது. சந்தையில் சொன்னது தெரிந்தே செய்தது.

நாற்பது நாள் கழித்து, ஐப்பசி அடைமழை தொடங்கிய ஒரு சாயங்காலம் போனேன். கையில் அந்த அட்டை. அவள் திண்ணையில் உட்கார்ந்து தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். "வாங்க சார்" என்றாள். அவள் அம்மா காப்பி போட உள்ளே போனார்.

"திருகு லூசா இருந்துச்சும்மா. நீ சொன்னதுதான் சரி. நான் பார்க்கல. எல்லாரும் இருக்கும்போது உன்னைய அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிதான் வெளியே வந்தது.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "எந்தத் திருகு சார்?" என்று கேட்டாள்.

"முன்கட்டையில. வலது பக்கம்."

"அப்பம் கீழ வலப்பக்கம் விழுந்ததுலாம் அதனாலயா?"

"ஆமா."

கையை நீட்டி அட்டையை வாங்கினாள். திண்ணை விளிம்பில் வெளிச்சம் இருந்த பக்கம் நகர்ந்து, கீழ்க்கொத்தைத் தன் கட்டைவிரலால் மறைத்து, மேலே இருந்த ஐந்தையும் உற்றுப் பார்த்தாள். பிறகு விரலை மாற்றி, மேற்கொத்தை மறைத்துக் கீழே பார்த்தாள். தம்பி எட்டிப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு, அஞ்சு" என்றாள். "ரெண்டுமே ஒண்ணா இருக்கு சார்."

"ஆமா" என்றேன்.

காப்பி வந்தது, குடித்தேன். மழை வலுத்துவிட்டதால் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அட்டைக்காகக் கையை நீட்டினேன். அவள் அதை நோட்டுக்குள் வைத்து மூடியிருந்தாள்.